ஏசி ஓடுகிறது, ஆனால் புதுக் காற்று வருகிறதா?

கேள்வி இது: வணிக வளாகம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அலுவலகம். சுற்றிலும் கண்ணாடி, திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. மதியம் மூன்று மணி ஆனால் பலருக்குத் தலை கனக்கிறது, கண் எரிகிறது, தொண்டை வறள்கிறது. வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடுகிறது. ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது, பிறகு காற்றில் என்ன கோளாறு இருக்க முடியும்? இது உடம்புக்கு ஆபத்தா, அல்லது கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதுமா?

கட்டடத்தின் காற்றுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே வந்தால் சரியாகிறது, ஒருவருக்கு மட்டுமில்லாமல் பலருக்கும் வருகிறது, ஒரே நேரத்தில் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டேன், ஏசி அறையைத்தான் திறந்து பார்ப்பேன். கட்டடங்களின் காற்றோட்ட வேலையிலேயே பல வருடம் கழித்தவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏசி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது அறையின் சூட்டை. காற்று அதே காற்றுதான். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றை உறிஞ்சி, குளிர்ந்த சுருளின் மேல் ஓடவிட்டு, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. உள்ளே இருக்கும் பெட்டிக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் நடுவே போவது செம்புக் குழாய். அதற்குள் ஓடுவது குளிரூட்டும் வாயு. ஒரு துளி வெளிக்காற்றுகூட அந்த வழியாக வராது. பெரிய கட்டடங்களில் இருக்கும் சென்ட்ரல் ஏசியில் வெளிக்காற்றுக்கென்று தனி வழி உண்டு. திரும்பி வரும் பழைய காற்றோடு வெளிக்காற்றைக் கலந்து, வடிகட்டி, குளிரவைத்து டக்ட் என்கிற காற்றுக் குழாய் வழியாக அனுப்புவார்கள். எவ்வளவு வெளிக்காற்று கலக்க வேண்டும் என்பதை டேம்பர் என்கிற தகட்டுக் கதவு தீர்மானிக்கும். உங்கள் தலைவலி அந்தக் கதவிடம் இருக்கலாம்.

இப்படி ஒரு புகாருக்காக ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். மாடியில் வைத்த மீட்டர் கார்பன் டை ஆக்சைடு 2,300 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 2,300 பங்கு, என்று காட்டியது. ஏசி அறைக்குள் போய் வெளிக்காற்று வரும் இடத்தைத் தேடினேன். டேம்பர் இறுக மூடியிருந்தது; மறுபடி திறந்துகொள்ளாதபடி கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். போதாததற்கு வெளிச்சுவரில் காற்று நுழைய இருந்த சட்டத்தின் மேல் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அட்டையின் மேல் விரல் தடிமனுக்குப் பஞ்சு மாதிரி தூசு. விசாரித்தால், முன்பு ஒரு கடும் வெயில் காலத்தில் குளிர் போதவில்லை என்று புகார் வந்திருக்கிறது. சூடான வெளிக்காற்றை அடைத்துவிட்டால் குளிர் ஏறும் என்று யாரோ அடைத்திருக்கிறார்கள். குளிர் ஏறியது, புகார் நின்றது, அட்டை அங்கேயே இருந்துவிட்டது. அடைத்தவர் வேலையை விட்டே போய்விட்டார். கம்பியை வெட்டிக் கதவைத் திறந்த 2 மணி நேரத்தில் மாடியில் அளவு 900-க்கு வந்தது. நான் செய்த வேலை அவ்வளவுதான்.

கார்பன் டை ஆக்சைடை ஏன் அளக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். வெளிக்காற்றில் அது இன்று சுமார் 420 பி.பி.எம். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000. ஆகவே அறையில் அளவு ஏறுகிறது என்றால், மனிதர்கள் விட்ட மூச்சு வெளியேறாமல் தேங்குகிறது என்று பொருள். 2,000 பி.பி.எம். காட்டும் அறையில் நீங்கள் இழுக்கும் காற்றில் ஏறக்குறைய 4 சதவீதம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. 25 மூச்சுக்கு ஒரு மூச்சு அப்படி. இந்த அளவில் அந்த வாயு விஷமில்லை. 8 மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் உச்சவரம்பு 5,000. அது தேங்கினால் கூடவே தேங்குகிறவைதான் கவலை: நோய்க்கிருமி கலந்த நுண்துளிகள், புது மரச்சாமான் விடும் ஆவி, நகல் இயந்திரத்திலிருந்து வரும் ஓசோன், தரை துடைத்த மருந்தின் நெடி.

இந்த அளவுகோல் புதியது இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்கிற சுகாதார அறிஞர் 1858-லேயே, அறைக்காற்று கெட்டுவிட்டது என்பதற்கு எல்லையாக 1,000 பி.பி.எம். என்று வைத்தார். மின்சார ஏசி இல்லாத காலம் அது. இன்றும் நாங்கள் அந்த எண்ணைச் சுற்றித்தான் வருகிறோம்.

தெரிந்த விஷயம் பிறகு ஏன் மறந்துபோனது? 1973 எண்ணெய் நெருக்கடி. எரிபொருள் விலை ஏறியதும் கட்டடங்களை இறுக மூடினார்கள். வெளிக்காற்றைக் குளிரவைக்கவோ சூடாக்கவோ செலவாகிறது, அதனால் அதையே குறைத்தார்கள். அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடி என்றிருந்த வெளிக்காற்று 5 கன அடியாக இறங்கியது. அது நொடிக்கு இரண்டரை லிட்டர்கூட வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வந்தால் அறை 900, 1,000-ல் நிற்கும், இரண்டரை லிட்டர் என்றால் 2,400-ஐத் தொடும். அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் புகார்கள் குவிந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1984-ல் தந்த அறிக்கை, புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் 30 சதவீதம் வரை இப்படிப்பட்ட புகார்களுக்கு இடமாகலாம் என்றது. நோயுற்ற கட்டட நோய்க்குறி என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். ஆஷ்ரே என்கிற பொறியாளர் அமைப்பு 1989-ல் அலுவலகங்களுக்கான அளவை 20 கன அடிக்கு, அதாவது நொடிக்குச் சுமார் 10 லிட்டருக்கு, உயர்த்தியது. விதி மாறியது. ஏற்கெனவே கட்டிய கட்டடங்களும், கட்டுக்கம்பி போட்ட டேம்பர்களும் தானாக மாறவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஆபத்தா என்பது. தலைவலியும் கண் எரிச்சலும் மட்டும்தான் விளைவு என்றால் அசௌகரியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தேங்கிய காற்று நோயைக் கடத்துகிறது. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தின் மூன்றாம் மாடியில் அக்கம்பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு சாப்பிட்டன. ஒருவருக்குக் கொரோனா தொற்று இருந்தது. பிறகு அந்த மூன்று குடும்பங்களிலுமாக 10 பேருக்கு நோய் உறுதியானது. மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்றுச் சுழலுக்குள் இருந்தன. பிற்பாடு அங்கே அளந்து பார்த்தபோது ஓர் ஆளுக்கு வந்துகொண்டிருந்த வெளிக்காற்று நொடிக்குச் சுமார் 1 லிட்டர். ஏசி பழுதாகவில்லை, குளிர் குறையவில்லை. அதே காற்றையே அந்த மூலையில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது.

சாதாரண ஜலதோஷம், காய்ச்சல் விஷயத்திலும் இப்படித்தான். 2000-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் 40 கட்டடங்களில் வேலை பார்த்த 3,720 பேரின் நோய் விடுப்பைக் கணக்கெடுத்தது. ஆளுக்கு நொடிக்கு 24 லிட்டர் வெளிக்காற்று கிடைத்த இடங்களோடு ஒப்பிட்டால், 12 லிட்டர் கிடைத்த இடங்களில் குறுகிய கால விடுப்பு ஒன்றரை மடங்கு இருந்தது. கவனியுங்கள், 12 லிட்டர் என்பது விதிப்படி போதுமான அளவு. விதி என்பது அடித்தளம், அதற்குமேல் எவ்வளவு கொடுத்தாலும் உடம்புக்கு நல்லது என்று நான் வாதாடுவது இதனால்தான். நிர்வாகத்திடம் பேசும்போது இன்னொன்றையும் சொல்லலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு 24 ஊழியர்களை 6 நாள் ஒரு சோதனை அலுவலகத்தில் வேலை செய்யவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மட்டும் மாற்றியது. வெளிக்காற்று மிகுந்து, இரசாயன ஆவி குறைந்த நாட்களில், சாதாரண அலுவலகக் காற்று இருந்த நாளைவிட அவர்களின் சிந்தனைத் திறன் மதிப்பெண் இரட்டிப்பானது.

உங்கள் அலுவலகத்தில் சமீபத்தில் ஏதாவது புதுப்பித்தார்களா? பிளைவுட், மரத்தூளை ஒட்டிச் செய்யும் எம்.டி.எஃப். பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்கிற வாயு மாதக்கணக்கில் கசியும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் கசியும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் வகுப்பில் வைத்தது. உள்காற்றில் அரை மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தரைவிரிப்பும் பசையும் கூட எளிதான விஷயமில்லை. 1980-களின் பிற்பகுதியில் வாஷிங்டனில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைமையகத்திலேயே புது விரிப்பு போட்ட பிறகு ஊழியர்கள் பலர் நோயுற்றார்கள். துப்புரவு மருந்தும் அப்படித்தான். எலுமிச்சை வாசனை வரும் திரவங்கள் ஓசோனோடு கலந்தால் அங்கேயே ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் உண்டாகும். ஆகவே ஓசோன் விடும் காற்று சுத்திகரிப்பானை யாராவது வாங்கி வைத்திருந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். வாசனை ஸ்ப்ரேயும் வேண்டாம், அது நாற்றத்தை மறைக்குமே தவிர எதையும் வெளியேற்றாது.

வெளிக்காற்றே அழுக்காக இருக்கும் ஊர் என்றால்? இதை எல்லோரும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பதில் வடிகட்டி. வெளிக்காற்றை அடைத்துவிடுவது பதில் இல்லை. மெர்வ் என்பது ஃபில்டரின் பிடிக்கும் திறனுக்கான அளவுகோல்; அதில் 13-ஆம் தர ஃபில்டர் நுண்துகளில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். இன்னும் அடர்த்தியான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் அதன் வழியே காற்றைத் தள்ளும் வலு எல்லா மின்விசிறிக்கும் இருக்காது. அதை ஏசி பொறியாளரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். விலை உயர்ந்த ஃபில்டரைச் சட்டத்தில் சரியாகப் பொருத்தாமல், பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டுப் போனதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ஃபில்டரை விட்டுவிட்டு இடைவெளி வழியாகப் போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் குறைகிறவை. வீட்டுக்குக் கூடவே வருகிற நோய்களும் உண்டு. அவற்றுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஓட்டலில் அமெரிக்கன் லீஜியன் என்கிற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாடு நடந்தது. கலைந்துபோன சில நாட்களில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவராகக் கடும் நிமோனியாவில் விழுந்தார்கள். மாநாட்டுக்காரர்களில் 29 பேர் இறந்தார்கள். ஓட்டலுக்குள் காலே வைக்காமல் வெளி நடைபாதையில் நடந்து போனவர்களில்கூடச் சிலருக்கு நோய் வந்தது. காரணமான பாக்டீரியாவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர் ஜோசப் மக்டேட் 1977 ஜனவரியில் கண்டறிந்தார். லீஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது வெதுவெதுப்பான நீரில், 20-லிருந்து 45 டிகிரிக்குள் பெருகும். கூலிங் டவர் (பெரிய ஏசியின் சூட்டை நீரைத் தெறிக்கவிட்டு வெளியேற்றும் கோபுரம்), ஷவர், அலங்கார நீரூற்று, குமிழி விடும் குளியல் தொட்டி என்று நீர் நுண்திவலையாகத் தெறிக்கும் இடமெல்லாம் அதற்கு வாகனம். 1999-ல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சியில் விற்பனைக்குக் காட்டிவைத்த குளியல் தொட்டியிலிருந்து பரவி 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் யாரும் அந்தத் தொட்டியில் இறங்கிக் குளிக்கவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள், அவ்வளவுதான்.

தடுப்பது கடினமில்லை. சூடுநீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும், குளிர்நீரை 20-க்குக் கீழே வைக்க வேண்டும், கூலிங் டவரைச் சுத்தம் செய்து கிருமிநாசினி அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும், நீண்ட விடுமுறைக்குப் பின் குழாய்களைத் திறந்து தேங்கிய நீரை ஓடவிட வேண்டும். சுவர் ஸ்பிளிட் ஏசியால் இந்த நோய் வருமோ என்று பயப்பட வேண்டாம், அதில் நீரைத் தெறிக்கவிட்டுக் குளிர்விக்கும் வேலை இல்லை. ஆனால் அதன் அடியில் நீர் சேரும் தட்டில் கோழை மாதிரி படலம் பிடித்திருந்தால் பூஞ்சை வளர்கிறது என்று அர்த்தம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது போதும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிய 4 முதல் 8 மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடம்புவலி, இருமல் வந்து வார நடுவில் தானே தணிந்தால், ஈரமூட்டும் கருவியிலோ நீர்த்தட்டிலோ வளர்ந்த கிருமிகளுக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமையாக இருக்கலாம். அலட்சியப்படுத்தினால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

இன்னொரு இடமும் உண்டு, யாரும் புகார் எழுதாத இடம். கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தம். அங்கே சீட்டுக் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வண்டி நின்று, இன்ஜின் ஓடியபடி, புகைக்குழாய் அவர் இடுப்பு உயரத்தில். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை; ரத்தச் சிவப்பணுவை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மின்சாரத்தை மிச்சப்படுத்த எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவைக்கும் கட்டடங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தப் புகை லிஃப்ட் பாதை வழியாக மேல் மாடிக்கும் ஏறும். கழிவறையில் பிளீச்சிங் திரவத்தையும் அமிலக் கழுவியையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அதைச் சுவாசிப்பவர் துப்புரவுத் தொழிலாளி. நீங்கள் எழுதப்போகும் புகாரில் இவர்கள் இடத்தையும் அளக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது என்ன என்றால், முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வேறு வாயுக்களை அளந்து ஊகமாக எண் காட்டும் மலிவு மீட்டர்களை நம்ப வேண்டாம். வாங்கியதும் வெளியே கொண்டுபோய்ப் பத்து நிமிடம் வையுங்கள், 420-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பிறகு உங்கள் மேசையில், மூச்சு நேராகப் படாத தூரத்தில் வைத்து, ஒரு வாரம் மணிக்கொருமுறை எழுதுங்கள். காலையில் 450-ல் தொடங்கி, 11 மணிக்கு 1,200, சாப்பாட்டு நேரத்தில் சற்று இறங்கி, 4 மணிக்கு 2,000 என்று ஏறினால் விஷயம் தெளிவு. அதே தாளில் யாருக்கு எப்போது தலைவலி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு 800-க்குள்ளேயே நிற்கிறது, ஆனாலும் கண் எரிகிறது என்றால் காரணம் வேறு. இரசாயனம், பூஞ்சை, மிக வறண்ட காற்று ஆகியவற்றை இந்த மீட்டர் காட்டாது.

அந்தத் தாளோடு பராமரிப்பு மேலாளரைப் பாருங்கள். "காற்று சரியில்லை" என்று சொன்னால் குளிரை ஒரு டிகிரி கூட்டிவிட்டு அனுப்பிவிடுவார். வெளிக்காற்று டேம்பர் எவ்வளவு திறந்திருக்கிறது, ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது, கூலிங் டவர் இருந்தால் அதன் நீர்ப் பரிசோதனைப் பதிவேடு எங்கே என்று கேளுங்கள். முடிந்தால் கூடவே போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கழிவறை எக்ஸாஸ்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் போதும். காற்றை இழுக்கும் எக்ஸாஸ்ட் வாயின் சட்டத்தில் வைத்தால் ஒட்டி நிற்க வேண்டும், கீழே விழுந்தால் அங்கே காற்று இழுக்கவில்லை.

இதற்கு நடுவில் உங்களில் யாருக்காவது கடும் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கூலிங் டவர் உள்ள கட்டடத்தில் வேலை பார்ப்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லீஜியோனெல்லாவுக்கு எளிய சிறுநீர்ப் பரிசோதனை உண்டு, சந்தேகம் வந்தால்தான் எழுதிக் கொடுப்பார்கள். சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. 50 வயதைத் தாண்டியவர்களும், புகைபிடிப்பவர்களும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஒருநாள் மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு ஏசியை ஓடவிட்டபடியே மீட்டரையும் விட்டுவிட்டு வாருங்கள். வெளிக்காற்றைவிட மிகுதியாக இருந்த அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆனால், மாடியின் காற்று மணிக்கு ஏறக்குறைய ஒருமுறைதான் மாறுகிறது. அந்த நேரத்தையும், மாடியின் நீள அகல உயரத்தையும், ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதி அனுப்பினால், ஒருவருக்கு நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். அந்த எண்ணை வைத்து நிர்வாகத்திடம் பேசலாம்.